மாடி பாத்ரூம்ல தண்ணி நூல் மாதிரி வருது: பிரஷர் பம்ப் வைக்கணுமா, டேங்க்கைத் தூக்கணுமா?

கோவை_மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாலு மாசமா மண்டை காயுது, விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க.

வீடு கோயமுத்தூர். கீழ்வீடு 2009ல அப்பா கட்டுனது, மாடி 2021ல நான் எடுத்தது. சிறுவாணித் தண்ணிக்கு தனியா ஒரு 500 லிட்டர் டேங்க், அது சமையலறைக்கு மட்டும்தான். குளிக்க, துவைக்க, பாத்ரூமுக்கெல்லாம் போர் உப்புத்தண்ணி, அதுக்கு 1000 லிட்டர் சின்டெக்ஸ், மாடிக்கு மேல மொட்டை மாடியில ரெண்டடி செங்கல் திட்டு கட்டி அதுமேல உக்காந்திருக்கு. டேங்க்ல ரெண்டு அவுட்லெட், ஒண்ணு கீழ்வீட்டுக்கு பழைய ஜிஐ (இரும்பு) பைப், இன்னொண்ணு மாடிக்கு 2021ல போட்ட சிபிவிசி (பிளாஸ்டிக்) பைப்.

கீழ தண்ணி நல்லா வருதுங்க, ஒரு குறையும் இல்ல. மாடியிலதான் பிரச்சனை. கட்டுன புதுசுல பரவால்லாம வந்துட்டு இருந்துச்சு, போகப் போக கொறஞ்சு இப்ப நாலு மாசமா ரொம்ப மோசம். ஷவர் சொட்டுது, அவ்ளோதான். பக்கெட் டேப்பும் நூல் மாதிரி வருது. காலைல ரெண்டு பசங்க ஸ்கூலுக்கு கிளம்பணும், எனக்கு எட்டு மணி ஷிஃப்ட், அதனால ராத்திரியே மூணு பக்கெட் ரொப்பி வச்சுட்டுத்தான் படுக்கறோம், இல்லீன்னா காலைல எல்லாரும் கீழ அப்பா அம்மா பாத்ரூமுக்கு ஓடணும்.

ரெண்டு பிளம்பரைக் கூப்ட்டு காட்டுனேன். ஒருத்தர் "மாடிக்கு டேங்க் உயரம் பத்தாது சார், பிரஷர் பம்ப் வச்சாத்தான் ஆகும்"னு எல்லாம் சேத்து 14,000 சொன்னார். இன்னொருத்தர் "பம்ப்லாம் வேண்டாம், ஸ்டாண்டு அடிச்சு டேங்க்கை அஞ்சடி தூக்கிடலாம்"னு 22,000 சொல்றார். ரெண்டு பேருமே மேல போய் டேங்க்கைப் பாத்துட்டு வந்து சொன்னாங்க, வேற ஒண்ணும் கழட்டிப் பாக்கல. எதைச் செய்யறதுன்னு தெரியலைங்க. காசு செலவு பண்றதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுக்கறேன்.

பைப்லைன்_மதுரை:

தம்பி, மொதல்ல ரெண்டையும் நிப்பாட்டி வைங்க. நான் 22 வருஷமா இந்த வேலை பாக்குறேன், மதுரையில மாடி வீடுகளுக்குன்னே ஏகப்பட்டது செஞ்சிருக்கேன். நீங்க எழுதுனதுல எனக்கு முக்கியமா பட்டது ஒரு வரிதான், "கட்டுன புதுசுல பரவால்லாம வந்துச்சு"ங்கறது. டேங்க் உயரம் 2021ல என்னவோ அதேதான இன்னைக்கும்? திட்டு ஒண்ணும் கீழ எறங்கிடலையே. அப்ப உயரம்தான் காரணம்னா மொத நாள்லேர்ந்தே இப்படித்தான வந்திருக்கணும்? நல்லா வந்துட்டு இருந்தது கொறஞ்சுச்சுன்னா வழியில ஏதோ அடைக்குதுன்னுதான் அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காம பம்ப் வச்சீங்கன்னா, பம்ப்பு அடைப்புக்கு இந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு தண்ணி கிடைக்காம காத்தை இழுத்து சூடாகி சீல் போயிரும். அப்படிப் போன பம்ப்பை நான் கையில எடுத்து பாத்திருக்கேன்.

கொஞ்சம் விவரம் வேணும். ஒரே பக்கெட்டை எடுத்துக்கிட்டு மாடி பாத்ரூம் டேப்புலயும் கீழ்வீட்டு பாத்ரூம் டேப்புலயும் புடிச்சு செல்போன்ல டைம் பாருங்க, எத்தனை லிட்டர் பக்கெட்டுன்னும் சொல்லுங்க. வேற டேப் எதுவும் ஓடக்கூடாது. ஷவர் தலையைக் கழட்டிட்டு வெறும் கம்பியில எப்படி வருதுன்னு பாருங்க. வாஷ்பேசின் டேப் மூக்குல வலை இருக்கும், அதையும் திருகிக் கழட்டுங்க, உப்புத்தண்ணிக்கு அது மொதல்ல அடைக்கும். கடைசியா, மாடி லைன்ல டேங்க் பக்கத்துல என்ன வால்வு இருக்குன்னு ஒரு போட்டோ எடுத்துப் பாத்து சொல்லுங்க, சக்கரம் மாதிரி சுத்துறதா, இல்ல கைப்பிடியை கால் சுத்து திருப்புறதா.

கோவை_மாடிவீடு:

ரொம்ப நன்றிங்ணா. உடனே செஞ்சு பாத்துட்டேன்.

பக்கெட் 15 லிட்டர். கீழ 1 நிமிஷம் 15 செகண்டு. மாடியில 4 நிமிஷம் 20 செகண்டு, ரெண்டு தடவை புடிச்சேன் ரெண்டும் அதேதான். ஷவர் தலையைக் கழட்டுனேன், துளையில பாதிக்கு மேல வெள்ளையா உப்பு, ஆனா கழட்டுன பிறகும் கம்பியில தண்ணி சுமாராத்தான் வருது. வாஷ்பேசின் வலையில மணல் மாதிரி கொஞ்சம் இருந்துச்சு, கழுவிப் போட்டேன், பெரிய வித்தியாசம் இல்ல.

வால்வு சக்கரம் மாதிரி சுத்துறதுதாங்ணா, பித்தளை. மாடி எடுக்கறப்ப பழைய வால்வு ஒண்ணு வீட்ல கிடந்துச்சுன்னு அதையே மாட்டிட்டாங்கன்னு அப்பா இப்பத்தான் சொல்றார்.

ஈரோடு_ராசு:

எங்க வீட்லயும் இதே கதைதான் நண்பரே, நாங்க டேங்க்கை ஹெட்ரூம் (மொட்டை மாடி படிக்கட்டு ரூம்) மேல ஏத்துனோம், அதுக்கப்புறம் பிரச்சனை இல்ல. பம்ப்னா கரண்ட் செலவு, ரிப்பேர், கரண்ட் போனா தண்ணி இல்ல. டேங்க்கைத் தூக்கறது ஒரே தடவை செலவு. என்னோட ஓட்டு அதுக்குத்தான்.

பாலிடெக்னிக்_வாத்தியார்:

ராசு சொல்றதுல தப்பில்ல, அவர் வீட்டுல ஹெட்ரூம் மேல ஏத்துனா எட்டு ஒம்பது அடி கூடியிருக்கும், லைனும் புதுசா போட்டிருப்பாங்க. ஆனா இந்த வீட்டுக்கு அது மருந்தான்னு கணக்குப் போட்டுப் பாத்துடலாம், மூணு வருஷம் படிக்கிற பசங்களுக்கு நான் இதைத்தான் திரும்பத் திரும்ப சொல்லுவேன், பிரஷர் வேற ஃப்ளோ வேற. டேப்பு மூடியிருக்கறப்ப பைப்புக்குள்ள இருக்கற அழுத்தம், டேங்க் தண்ணி மட்டத்துக்கும் டேப்புக்கும் நடுவுல இருக்கற உயரத்தை மட்டும்தான் பொறுத்தது. பைப் அரை இன்ச்சா இருந்தாலும் நாலு இன்ச்சா இருந்தாலும் அது மாறாது, பாதி அடைச்சிருந்தாலும் மாறாது. பத்தடி உயரத்துக்கு சுமாரா 0.3 பார் (அழுத்தத்தோட அளவு). டேப்பைத் திறந்து தண்ணி ஓட ஆரம்பிச்சதும்தான் பைப்பு, எல்போ, வால்வு எல்லாம் ஆளுக்கொரு பங்கு அந்த உயரத்தைத் தின்ன ஆரம்பிக்கும். மிச்சம் இருக்கறதுதான் டேப்புக்கு.

இப்ப உங்க அளவு. மாடி தளம் பத்தடி உயரம்னு வச்சுக்கறேன், கான்கிரீட் அரையடி, திட்டு ரெண்டடி, டேங்க்ல பாதி தண்ணின்னா இன்னொரு ரெண்டடி. பக்கெட் டேப்பு தரையிலேர்ந்து ரெண்டடின்னா மாடி டேப்புக்கு மொத்தம் 12.5 அடி. கீழ்வீட்டு டேப்புக்கு இன்னொரு 10.5 அடி கூட, ஆக 23 அடி. நீங்க எடுத்த டைமை லிட்டரா மாத்துனா கீழ நிமிஷத்துக்கு 12 லிட்டர், மாடியில மூன்றரை லிட்டர்.

தண்ணி வரத்து உயரத்தோட நேரடியா கூடறதில்லைங்க, அதோட வர்க்கமூலத்தோட கூடுது. உயரத்தை நாலு மடங்காக்குனாத்தான் தண்ணி ரெண்டு மடங்காகும். அந்தக் கணக்குல 23 அடிக்கு 12 லிட்டர் வருதுன்னா 12.5 அடிக்கு 8லேர்ந்து 9 லிட்டராவது வரணும். உங்களுக்கு வர்றது மூன்றரை. உயரம் கம்மிங்கறதால போனது மூணு சொச்சம் லிட்டர், அதுக்கு மேல அஞ்சு லிட்டர் காணாமப் போகுதே, அது உயரத்தால இல்ல. ரெண்டு பிளம்பரும் பாக்காம விட்டது அந்த அஞ்சு லிட்டரைத்தான்.

சரி, அடைப்பை விட்டுட்டு டேங்க்கை மட்டும் அஞ்சடி தூக்குனா? 12.5 அடி 17.5 ஆகும், வர்க்கமூலக் கணக்குல பதினெட்டு சதவீதம்தான் கூடும். மூன்றரை லிட்டர் நாலு சொச்சம் ஆகும், 22,000 ரூபாய்க்கு அரை லிட்டர். அதுவும் இல்லாம 1000 லிட்டர் தண்ணின்னா ஒரு டன் எடை, அதை ஸ்டாண்டு மேல வச்சா நாலு கால்லயும் புள்ளியா எறங்கும், பீம் மேலயோ செவுத்து மேலயோ கால் வராம வெறும் ஸ்லாப் நடுவுல வச்சுடாதீங்க, இதை மட்டும் யார் என்ன சொன்னாலும் விட்டுக் கொடுக்காதீங்க.

பைப்பு சைஸ் கணக்கு இதுக்கு நேர் மாறு. உள் விட்டம் கொஞ்சம் கூடுனாலும் தண்ணி எக்கச்சக்கமா கூடும். சிபிவிசியில அரை இன்ச்சுன்னு விக்கறதோட உள் ஓட்டை பன்னிரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான், முக்கால் இன்ச்சுன்னா பதினெட்டு. பாக்க ஒண்ணரை மடங்கு, ஆனா அதே உயரத்துல, அதே நீளத்துல தண்ணி ரெண்டரை மடங்குக்கு மேல போகும். ஜிஐயில அரை இன்ச்சுன்னா உள் ஓட்டை பதினாறு மில்லி இருக்கும். "அரை இன்ச்சுக்கு பதில் அரை இன்ச்சு"ன்னு பழைய ஜிஐயை எடுத்துட்டு சிபிவிசி போட்ட வீடுகள்ல தண்ணி கொறஞ்சு போறதுக்கு இது ஒரு காரணம், பேரு ஒண்ணு, ஓட்டை வேற. மேலேர்ந்து வர்ற மெயின் எறக்கம் ஒண்ணேகாலோ ஒரு இன்ச்சோ இருக்கணும், பாத்ரூமுக்குள்ள முக்கால், டேப்புக்குப் போற கடைசி துண்டு மட்டும் அரை.

அடைப்பு எங்கன்னு செவுத்தை உடைக்காம கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, செலவு ஒண்ணும் கிடையாது. கொத்தனாருங்க மட்டம் பாக்கறதுக்கு வச்சிருப்பாங்களே கண்ணாடி மாதிரி தெரியற டியூப், அதுல ஒரு பதினஞ்சு இருபதடி வாங்கிக்குங்க. பாத்ரூம்ல ஹெல்த் ஃபாசெட் ஹோஸைக் கழட்டிட்டு அது மாட்டியிருந்த ஆங்கிள் காக்ல (செவுத்துல இருக்கற சின்ன வால்வு) டியூபை கிளிப் போட்டு இறுக்கி, ஜன்னல் வழியா வெளிய விட்டு மறுமுனையை மொட்டை மாடியில ஒருத்தர் தூக்கிப் புடிச்சுக்கணும். எல்லா டேப்பும் மூடியிருக்கறப்ப ஆங்கிள் காக்கைத் திறந்தா டியூப்புக்குள்ள தண்ணி ஏறி டேங்க்ல எந்த மட்டத்துல தண்ணி இருக்கோ சரியா அதே மட்டத்துல நிக்கும். இப்ப பக்கத்துல இருக்கற பக்கெட் டேப்பை முழுசா திறங்க, டியூப்ல தண்ணி எறங்கும். எத்தனை அடி எறங்குதோ அத்தனை அடியை டேங்க்லேர்ந்து அந்த இடம் வரைக்கும் இருக்கற பைப்பும் வால்வும் தின்னுடுச்சுன்னு அர்த்தம். ஒரு அடி ரெண்டடி எறங்குனா லைன் நல்லாருக்கு, குறை டேப்புலதான். மொத்தமா விழுந்துடுச்சுன்னா குறை மேல. அப்புறம் இதே சோதனையை டேங்க்குக்கு இன்னும் கிட்டக்க இருக்கற ஒரு டேப்புல செய்யுங்க. அங்கயும் விழுந்தா குறை அதுக்கும் மேல, அங்க விழலைன்னா ரெண்டுக்கும் நடுவுல. இப்படியே நெருக்கிட்டுப் போனா அடைப்பு எந்த இடத்துலன்னு கை வச்சுக் காட்டிடலாம்.

நெல்லை_சுமதி:

தம்பி, பம்ப் வைக்கிறதா முடிவு பண்ணா அதுக்கு முன்னால எங்க வீட்டுல நடந்ததை ஒரு தடவை படிச்சிருங்க. உங்க வீட்டுல சோலார் ஹீட்டர் இருக்கான்னு நீங்க சொல்லல, இருந்தா இது கட்டாயம் உதவும்.

எங்களுக்கும் மாடிதான், ஷவர் வேணும்னு பிள்ளைங்க கேட்டுச்சு, பச்சத்தண்ணி லைனுக்கு பிரஷர் பம்ப் வச்சோம். சுடுதண்ணி சோலார்லேர்ந்து தானா எறங்குறது, அதுக்கு பம்ப் கிடையாது. வச்சவர் அதைப் பத்தி ஒண்ணும் யோசிக்கல, நாங்களும் கேக்கல. வச்ச மறுநாள்லேர்ந்து மொட்டை மாடியில சோலார் டேங்க்ல இருக்குற காத்துக் குழாய் வழியா தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு. ஹீட்டர்தான் ரிப்பேருன்னு ஆளைக் கூப்பிட்டு அதுக்கு வேற செலவு பண்ணோம். கடைசியா ஒரு பெரியவர் வந்து பாத்துட்டு சொன்னார், குளியலறையில சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் சேர்ற மிக்சர்ல, பம்ப் வேகத்துல வர்ற பச்சத்தண்ணி சுடுதண்ணி குழாய்க்குள்ளாற எதுத்து ஏறி சோலார் டேங்க்குக்கே போவுதுன்னு. அந்த டேங்க் அழுத்தம் தாங்குற டேங்க் கிடையாது, மேல காத்துக் குழாய் திறந்தே இருக்கும், அதான் அது வழியா கொட்டுது. அது திறந்திருந்ததாலதான் டேங்க் தப்பிச்சது, யாராவது கொட்டுதேன்னு அதை அடைச்சிருந்தா டேங்க்கே பிதுங்கியிருக்கும்னார். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிட்டு, ஏன்னா அதை அடைச்சிருவோமான்னு எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாளா சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

அதுக்கப்புறம் சுடுதண்ணி லைன்ல மிக்சருக்கு முன்னால ஒரு என்ஆர்வி (தண்ணியை ஒரே பக்கமா மட்டும் விடுற வால்வு) போட்டதும் கொட்டுறது நின்னுட்டு. ஆனா பச்சத்தண்ணி வேகம், சுடுதண்ணி மெதுவு, கலந்து குளிக்க சரியா அமையவே இல்ல, இப்பவும் சுடுதண்ணியை பக்கெட்டுல புடிச்சுத்தான் குளிக்கோம். பம்ப் வச்சா ரெண்டு லைனுக்கும் சேத்து யோசிச்சு வைக்கணும், இல்லேன்னா வைக்கவே கூடாது.

அண்ணாநகர்_வாடகை:

ஒரு சின்ன விஷயம் ப்ரோ, டேங்க் எப்பவாவது சுத்தமா காலியாச்சா? எங்க ஃப்ளாட்ல டேங்க் கழுவுனதுக்கு அடுத்த நாள்லேர்ந்து ஒரே ஒரு பாத்ரூம்ல தண்ணி பிரச்சனை. பைப் மொட்டை மாடியில ஒரு இடத்துல மேடா ஏறி எறங்கும், அந்த மேட்டுல காத்து மாட்டிக்கும், தண்ணி தள்ளிட்டு வர முடியாது. கீழ ஒரு டேப்புல ஹோஸ் மாட்டி, வேகமா வர்ற வேற லைன் தண்ணியை எதிர்ப்பக்கமா உள்ள விட்டோம், மேல டேங்க்ல குமிழ் குமிழா வந்துச்சு, சரியாயிடுச்சு. வால்வு தாண்டினதும் ஒரு காத்துக் குழாய் டேங்க்கோட உச்சிக்கு மேல நிக்கற மாதிரி வச்சா இந்தப் பிரச்சனை திரும்ப வராது.

பைப்லைன்_மதுரை:

அண்ணாநகர் தம்பி சொன்னது சரி, ஆனா காத்து அடைச்சா விட்டு விட்டு வரும், டேப்புல புர்ருபுர்ருன்னு சத்தம் கேக்கும். இவருக்கு ஒரே சீரா நூல் மாதிரி வருது, நாலு மாசமா கொறஞ்சுக்கிட்டே வருது. எனக்கு அந்த பழைய பித்தளை கேட் வால்வு மேலதான் சந்தேகம். அதுக்குள்ள ஒரு தகடு மாதிரி கதவு இருக்கும், சக்கரத்தைச் சுத்துனா ஸ்பிண்டில் அந்தக் கதவைத் தூக்கும். உப்புத்தண்ணியில ஸ்பிண்டில் முனையில இருக்குற பிடிப்பு அரிச்சுப் போயி கதவு கழண்டு விழுந்துரும். வெளிய சக்கரம் ஜம்முனு சுத்தும், முழுசா திறந்தாச்சுன்னு நினைப்போம், உள்ள கதவு முக்கால்வாசி எறங்கி உக்காந்திருக்கும். கீழ்வீட்டு லைன் வேற அவுட்லெட், அதான் அங்க ஒண்ணும் ஆகல. வாத்தியார் சொன்ன டியூப் வைத்தியத்தைப் பாருங்க, அருமையான யோசனை, நானே இனிமே செய்வேன். பாத்துட்டு சொல்லுங்க தம்பி.

கோவை_மாடிவீடு:

அண்ணா, வாத்தியாரய்யா, சுமதியக்கா எல்லாருக்கும் நன்றிங்க. லேட்டா பதில் போடறதுக்கு மன்னிச்சுக்குங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் கிடைக்கல. நடந்ததை அப்படியே சொல்றேன்.

பக்கத்துல வேலை நடக்கற சைட்டுல கொத்தனார்கிட்ட டியூபைக் கேட்டு வாங்கிட்டு வந்தேன். பையன் மொட்டை மாடியில, நான் பாத்ரூம்ல. எல்லா டேப்பும் மூடுனப்ப தண்ணி டியூப்ல ஏறி டேங்க்ல பாதிக்குக் கொஞ்சம் மேல நின்னுச்சு, மூடியைத் திறந்து பாத்தா டேங்க்குள்ளயும் சரியா அதே மட்டம். பையனுக்கு ஒரே ஆச்சரியம், "அப்பா இந்த தண்ணிக்கு எப்படித் தெரியும்"ங்கறான். அப்புறம் பக்கெட் டேப்பைத் திறந்தேன். மேலேர்ந்து "அப்பா காணோம் காணோம்"னு கத்தறான், தண்ணி மொட்டை மாடி தளத்துக்குக் கீழ போயி, ஜன்னலையும் தாண்டி எறங்கிடுச்சு. பத்தடிக்கு மேல தின்னுடுச்சுங்கய்யா.

அடுத்தது டேங்க்குக்கு கிட்டக்க. மொட்டை மாடியில துணி துவைக்கறதுக்கு ஒரு டேப்பு இருக்கு, மாடி லைன்லதான், வால்வைத் தாண்டி ஒரு மூணடி தூரத்துல. அதுல டியூபை மாட்டி மாடி பாத்ரூம் டேப்பைத் திறக்கச் சொன்னேன். டியூப்ல இருந்த தண்ணி அவ்வளவையும் உள்ள இழுத்துட்டு, அதுக்கப்புறம் சர்ருன்னு காத்தை இழுக்குது. தண்ணி வெளிய வர வேண்டிய டேப்பு காத்தை உள்ள வாங்குது. டேங்க்லேர்ந்து அந்த டேப்பு வரைக்கும் மொத்தமே மூணு நாலடி பைப்பு, ஒரு எல்போ, அந்த வால்வு, அவ்ளோதான். வேற எங்கயும் போக வேண்டியதே இல்லைங்கறது அப்பவே தெரிஞ்சு போச்சு.

வால்வை மூடிப் பாத்தேன், சக்கரம் சுத்துது, சுத்துது, தண்ணி நிக்கவும் இல்ல கொறையவும் இல்ல. மறுநாள் வேற ஒரு பிளம்பரைக் கூப்ட்டு டேங்க்கைக் காலி பண்ணிட்டு வால்வை அறுத்து எடுத்தோம். நீங்க சொன்னது அச்சு அசலா அதேதாங்ணா. கதவு ஸ்பிண்டில விட்டுக் கழண்டு கீழ விழுந்து, பிறை நிலா மாதிரி ஒரு இடுக்கு மட்டும்தான் திறந்திருந்துச்சு, அதுலயும் சுத்தி வெள்ளைப் பாறை மாதிரி உப்பு. அந்த இடுக்கு வழியாத்தான் நாலு மாசமா நாங்க அஞ்சு பேரு குளிச்சுட்டு இருந்திருக்கோம். ஒரு இன்ச் பால் வால்வு, முழு ஓட்டை இருக்கறதா கேட்டு வாங்கிப் போட்டோம், அடுத்த தடவை அறுக்காம கழட்டற மாதிரி ரெண்டு பக்கமும் யூனியன், காத்துக் குழாயும் வச்சாச்சு. பொருளும் கூலியும் சேத்து 1,850 ரூபாய்.

இப்ப கணக்கு: 15 லிட்டர் பக்கெட் 1 நிமிஷம் 38 செகண்டு. நிமிஷத்துக்கு 9 லிட்டருக்கு மேல. வாத்தியாரய்யா போட்ட கணக்கு அப்படியே வந்து நிக்குதுங்க. அம்மா மாடிக்கு வந்து டேப்பைத் திறந்து பாத்துட்டு "இது நம்ம வீடுதானா"ன்னு கேட்டாங்க. ராத்திரி பக்கெட் ரொப்பி வைக்கற வேலை அன்னிக்கோட நின்னுடுச்சு.

ரெண்டு விஷயம் மட்டும் இன்னும் இருக்குங்ணா. ஷவர் முன்னைக்கு எவ்வளவோ பரவால்ல, ஆனா எட்டு இன்ச் மழை ஷவர் ஒண்ணு ஆசைப்பட்டு வாங்கி மாட்டுனது, அதுல இன்னும் சொட்டு சொட்டாத்தான் விழுது. அப்புறம் கீசர்லேர்ந்து வர்ற சுடுதண்ணி மட்டும் இன்னும் மெதுவாத்தான் வருது, பச்சத்தண்ணியில பாதி கூட இல்ல. சோலார் இல்ல, 15 லிட்டர் கரண்ட் கீசர்.

பாலிடெக்னிக்_வாத்தியார்:

ரொம்ப சந்தோஷம். பையன் கேட்ட கேள்வியை விட்டுடாதீங்க, ரெண்டு பாட்டிலை ஒரு டியூப்ல இணைச்சு ஒண்ணைத் தூக்கி ஒண்ணை எறக்கிக் காட்டுங்க, அவனே பதில் சொல்லிடுவான்.

ஷவர் விஷயம் மட்டும் உண்மையாவே உயரப் பிரச்சனைதான். ஷவர் தலை ஏழடியில இருக்கு, அங்கேர்ந்து டேங்க் தண்ணி மட்டம் ஏழரை அடிதான், சுமாரா 0.22 பார். மழை ஷவருங்க பல மாடலும் அரை பாருக்கு மேல இருந்தாத்தான் சரியா வேலை செய்யும், வாங்கறப்ப அட்டைப் பெட்டியில குறைஞ்சபட்ச அழுத்தம் போட்டிருக்கான்னு பாருங்க. நிறைய துளை இருக்கறதால இருக்கற கொஞ்சம் தண்ணி பிரிஞ்சு பிரிஞ்சு சொட்டாத்தான் விழும். நாலு இன்ச் சாதா ஷவர், துளை கம்மியா இருக்கறது மாட்டிப் பாருங்க, அதே தண்ணி நல்லா விழும். உப்பு படிஞ்சா ஒரு ராத்திரி வினிகர்ல ஊற வச்சு பழைய பிரஷ்ல தேச்சுடுங்க.

பைப்லைன்_மதுரை:

மனசு நெறைஞ்சு போச்சு தம்பி. அந்த பழைய வால்வைத் தூக்கிப் போட்டுறாதீங்க, அடுத்த வேலைக்கு வர்ற பிளம்பருக்கு எடுத்துக் காட்டுங்க. பால் வால்வையும் சும்மா விட்டுறக்கூடாது, உப்புத்தண்ணிக்கு மாசம் ஒரு தடவை ரெண்டு தரம் மூடித் திறந்து விடுங்க, இல்லேன்னா இறுகிரும்.

கீசருக்கு வர்றேன். பச்சத்தண்ணி உள்ள போற பக்கம் ஒரு சேஃப்டி வால்வு இருக்கும், சின்னதா பித்தளையில, பக்கவாட்டுல ஒரு மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கும். அதுக்குள்ள ஸ்பிரிங் வச்ச என்ஆர்வி இருக்கு, உங்க மாதிரி கம்மி பிரஷர் வீட்டுல அந்த ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கறதுக்கே பாதி வேகம் போயிரும், அதுல உப்பும் சேந்தா சொல்லவே வேண்டாம். ஆங்கிள் காக்லேர்ந்து கீசருக்குப் போற கம்பி பின்னுன ஹோஸையும் கழட்டிப் பாருங்க, வெளிய தடிமனா இருக்கும், உள்ளாற ஓட்டை பென்சில் போற அளவுதான் இருக்கும், நசுங்கி வளைஞ்சிருந்தா அதுவும் போச்சு. ஆங்கிள் காக் வாயில வலை இருந்தா அதுலயும் மணல் இருக்கும்.

செய்யறப்ப கீசர் சுவிட்சை மட்டும் இல்ல, எம்சிபியையே (கரண்ட் போர்டுல இருக்கற பிரேக்கர்) எறக்கிட்டுத் தொடுங்க. தண்ணி ஆறுற வரைக்கும் பொறுங்க. முக்கியமா ஒண்ணு, சேஃப்டி வால்வு அடைக்குதுன்னு யாராவது "அதைக் கழட்டிட்டு நேரா கனெக்ஷன் குடுத்துடலாம் சார்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. தெர்மோஸ்டாட் கெட்டுப் போயி தண்ணி கொதிச்சா அந்த மூக்கு வழியாத்தான் அழுத்தம் வெளிய போகணும், அது இல்லாத கீசர் வீட்டுல வெடிகுண்டு வச்சிருக்கற மாதிரி. சுத்தம் பண்ணியும் சரியா வரலேன்னா அதே மாதிரி புதுசு வாங்கி மாட்டுங்க, கம்பெனி சொல்ற அளவுக்கே வாங்குங்க. கீசர் நாலு வருஷம் ஓடியிருந்தா உப்புத்தண்ணிக்கு எலிமென்ட்டுலயும் அடியிலயும் கட்டி கட்டியா படிஞ்சிருக்கும், சர்வீஸ் ஆளை வச்சு கழட்டி சுத்தம் பண்ணிருங்க.

கோவை_மாடிவீடு:

சரிங்ணா, எம்சிபி எறக்கிட்டு ஹோஸை மொதல்ல கழட்டிப் பாக்கறேன், சேஃப்டி வால்வை நான் தொடல, சர்வீஸ் ஆள் புதன்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார். சாதா ஷவர் இன்னிக்கு சாயங்காலம் வாங்கிடுவேன். சுடுதண்ணி பக்கெட் டைமிங் சுத்தம் பண்றதுக்கு முன்னாடி ஒண்ணு எடுத்து வச்சுட்டேன், 3 நிமிஷம் 50 செகண்டு. புதன்கிழமைக்கு அப்புறம் எவ்வளவுன்னு இங்கயே போடறேன்.